நல்ல ரத்தக்காரிகள்

செப்டம்பர் 12, வெள்ளி

ஆய்வகக் குறிப்பேட்டில் எண்களை மட்டும் எழுது, புலம்பலை வேறு எங்கேயாவது வைத்துக்கொள் என்று குளோரி மேடம் சொல்லிவிட்டார். இந்த நோட்டுதான் அந்த வேறு எங்கேயாவது.

முதலில் விவரத்தை எழுதிவிடுகிறேன். பெயர் அமுதவல்லி. வயது முப்பத்து நாலு. திருச்சியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் ஆறு வருடமாக முனைவர் பட்ட ஆய்வு. வழிகாட்டி குளோரி மேடம். நீட்டிப்பு இரண்டு முறை வாங்கியாயிற்று. டிசம்பர் 31க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருடமும் காற்றோடு போகும்.

ஆய்வு என்னவென்றால், நம் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது. தின்ற சோற்றையும் இழுத்த மூச்சையும் சேர்த்துச் சக்தியாக்குவது அதுதான். களைக்கொல்லி களையைக் கொல்லச் செய்த மருந்து. ஆனால் கோரைக்கும் மைட்டோகாண்ட்ரியா உண்டு, நமக்கும் உண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. சில களைக்கொல்லிகள் எலியின் ஈரலில் அதை மந்தமாக்குவதை முன்பே பார்த்திருக்கிறார்கள். வருடக்கணக்கில் மருந்தடிக்கும் மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்பது என் கேள்வி.

போன வருடம் எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்தில் மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கும் முப்பது ஆண்களிடம் ரத்தம் எடுத்தேன். அதிலிருந்து பிளேட்லெட் எனும் ரத்தத் தட்டணுக்களைப் பிரித்து சுவாசமானி என்கிற இயந்திரத்தில் போட்டு, எவ்வளவு ஆக்சிஜன் இழுக்கின்றன என்று பார்த்தேன். நூறு வரவேண்டிய இடத்தில் அறுபதை ஒட்டி வந்தது. இனி, மருந்து தொடாத முப்பது பேருக்கு நூறு வருகிறது என்று காட்டவேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

அந்த முப்பது பேராக அதே ஆண்களின் மனைவிகளைப் பிடி என்றது மேடத்தின் யோசனை. ஒரே உலைச்சோறு, ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே ரேஷன் அரிசி. வித்தியாசம் மருந்து ஒன்றுதான். ஆண், பெண் வித்தியாசம் வராதா என்று கேட்டேன். "பெருசா வராதும்மா. வந்தா கணக்குல சரிபண்ணிக்கலாம்" என்றார். நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று ஆறு பேர். ஆய்வக உதவியாளர் நசீர் பாய் என்னுடன் ஊருக்கு வந்தார். ஐம்பது வயது மனிதர், குத்துவதே தெரியாமல் ரத்தம் எடுப்பார். முதல் வீடு எங்கள் பக்கத்துத் தெரு காசாம்பு அக்கா.

"மருந்தடிக்கிறது அவரு. ஊசி எனக்கா?" என்று கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"உங்க ரத்தம் நல்ல ரத்தம்க்கா. அதோட வச்சுப் பாத்தாத்தான் அண்ணன் ரத்தம் எவ்வளவு சோர்ந்துபோயிருக்குன்னு தெரியும்."

அவ்வளவுதான். காசாம்பு அக்கா உள்ளே பார்த்து ஒரு சத்தம். "கேட்டுக்கிட்டியா? என் ரத்தம் நல்ல ரத்தமாம்! இத்தன வருசமா என்னயப் பாத்து என்னென்ன பேச்சு பேசின!" அவள் கணவர் துரைக்கண்ணு அண்ணனுக்கு இன்னும் ஒரு வாரம் சாப்பாடு ருசிக்காது.

நாற்பத்திரண்டு கேள்விப் படிவம். களைக்கொல்லியைக் கலப்பீர்களா? இல்லை. தெளிப்பீர்களா? இல்லை. தெளித்த அன்றே வயலில் இறங்குவீர்களா? இல்லை. ஆறு பேருக்கும் எல்லாம் இல்லை. இவ்வளவு சுத்தமான ஒப்பீட்டுக் குழு யாருக்குக் கிடைக்கும்.

குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்து நசீர் பாயிடம் பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், என் கணவர் இளவழகன் அதற்குள் மேலத்தெருக்காரர் காட்டுக்கு மருந்தடித்துவிட்டு வந்திருந்தார். எங்களுக்கு மூன்று ஏக்கர் மக்காச்சோளம். சீசனில் ஊரில் கேட்பவர்களுக்கெல்லாம் இவர்தான் பவர் ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு போவார். எங்கள் வீட்டில் பாதுகாப்பு முறையெல்லாம் பக்கா. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை இல்லாமல் விடமாட்டேன். குளிக்காமல் சோற்றில் கைவைக்க முடியாது. சட்டை, கைலி, துண்டு, கையுறை எல்லாவற்றையும் உடனே ஊறப்போட்டு அன்றைக்கே துவைத்துவிடுவேன். தள்ளிப்போட்டால் அந்த வாடை வீடு முழுக்கப் பரவும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அறுபத்தொன்று. அறுபத்தாறு. ஐம்பத்தொன்பது. அறுபத்துமூன்று. அறுபத்தைந்து. அறுபது.

இது மனைவிகளின் எண். புருஷன்மார் எண் இல்லை. நான் ஏதோ தப்பான கோப்பைத் திறந்துவிட்டேனோ என்று மூன்று தடவை பார்த்தேன்.

செப்டம்பர் 17, புதன்

மறுபடியும் அதே.

செப்டம்பர் 18, வியாழன்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. இயந்திரத்தின் மீது சந்தேகம் வந்தால், அதை ஓட்டுபவர் தன் ரத்தத்தையே போட்டுப் பார்க்க வேண்டும். பச்சை ரத்தம், பஸ்ஸில் வராத ரத்தம். காலையில் நசீர் பாய் எடுத்துக் கொடுத்தார், போட்டேன். ஐம்பத்தெட்டு.

நிம்மதியாக இருந்தது. சந்தேகமே இல்லை, இயந்திரம்தான் கோளாறு. மேடத்திடம் இயந்திரக் கோளாறு என்று மட்டும் சொல்லி, சென்னைக் கம்பெனிக்குப் போன் போடவைத்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

சென்னையிலிருந்து ஆள் வந்தார். இயந்திரத்தைப் பிரித்தார், சவ்வை மாற்றினார், ஆக்சிஜன் இல்லாத கரைசலையும் உள்ள கரைசலையும் ஊற்றிச் சரிபார்த்தார். "மேடம், எந்தக் குறையும் இல்ல. புது மிஷின் மாதிரி இருக்கு" என்றார். நன்றாகப் பாருங்கள் என்றேன். மறுபடி பார்த்தார். மறுபடியும் அதையே சொன்னார். இவருக்கு வேலை தெரியவில்லை.

மூன்றாவது மாடிக்கு ஏறும்போது இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன். தினமும் மூன்று மணிநேரப் பஸ் பயணம் ஆளை உறிஞ்சிவிடுகிறது. இரும்புச்சத்து மாத்திரை வாங்க வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சுவாசமானிக்கு நேற்றே சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, "இனியாவது ஒழுங்கா இரு" என்று கும்பிட்டேன். நசீர் பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு பொரி வாங்கிக்கொண்டார். இன்று வீட்டில் ஸ்பிரேயருக்கும் பொட்டு. வைக்குமுன் நானே துடைத்தேன். தோள் வாரில் மருந்து வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருந்தது.

அக்டோபர் 8, புதன்

இதுவரை இருபத்தெட்டு மனைவிகள் ஆயிற்று. இரண்டு பேர் மாட்டேன் என்றுவிட்டார்கள். இருபத்தெட்டு பேரின் சராசரி அறுபத்துமூன்று.

எரிச்சலில் நசீர் பாயின் ரத்தத்தைப் போட்டுப் பார்த்தேன். தொண்ணூற்றேழு!

ஐம்பது வயது. ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. தொண்ணூற்றேழு. அவர் நன்றாகக் கறி சாப்பிடுகிறவர், அதனால் இருக்கும் என்று மேடத்திடம் சொன்னேன். சொல்லும்போதே அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"மிஷின் இல்ல அமுதவல்லி. பஸ்ஸா இருக்கும், இல்லன்னா உன் கையா இருக்கும்."

என் கை! ஆறு வருடமாக எலிக்கும் வலிக்காமல் பிடித்த கை. அழுகை வந்தது. கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

பஸ்ஸா என்று பார்த்துவிட்டேன். கல்லூரி விடுதிப் பெண்கள் ஆறு பேரிடம் காலையில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பெரம்பலூருக்கு ஒரு டிக்கெட், அங்கே இறங்கி ஒரு டீ, திரும்பத் திருச்சிக்கு ஒரு டிக்கெட். பெட்டியை மடியில் வைத்திருந்தேன். "என்னம்மா, மீனா?" என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆய்வகத்தில் நானே பிரித்து, நானே ஓட்டினேன். சராசரி தொண்ணூற்றாறு.

ஆக, பஸ் இல்லை. கை இல்லை. இயந்திரமும் இல்லை. சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. வேறு எதுவும் மிச்சமில்லை என்பதைப் பார்த்ததும் நோட்டை மூடிவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் சரியாக வரவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பத்து மணிக்குப் படுத்தவள் சாப்பிடத்தான் எழுந்தேன். இளவழகன், "ஒனக்கு என்ன ஆச்சு? முன்னெல்லாம் ஒரு எடத்துல உக்கார மாட்ட" என்றார். வயசாகிறது என்றேன். அவருக்கு என்னைவிட ஐந்து வயது அதிகம்.

அக்டோபர் 27, திங்கள்

மேடம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்தார். டீ வந்தால் பெரிய விஷயம்.

"விடுதிப் பெண்கள் டேட்டா அழகா இருக்கு. இன்னும் இருபத்திநாலு பேரை எடு. மூணு வாரம் போதும். அதையே ஒப்பீட்டுக் குழுவா வச்சு எழுது. டிசம்பர் பத்துக்குள்ள முடிச்சிரலாம்."

"அந்த இருபத்தெட்டு பேர், மேடம்?"

"ஏதோ காரணத்தால கெட்டுப்போன மாதிரி. நீக்கிட்டோம்னு ஒரு வரி எழுதிரு. யாரும் கேட்க மாட்டாங்க. எனக்கு உன் பட்டம்தாம்மா முக்கியம்."

அவர் நல்லவர். எனக்காகத்தான் சொல்கிறார். பஸ்ஸில் வரும்போது ஆய்வேட்டின் முகப்பில் என் பெயரை மனதுக்குள் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே நன்றாக இருந்தன.

நவம்பர் 3, திங்கள்

நீக்குவதற்கு ஒரு காரணம் வேண்டுமே. ரத்தம் எடுத்த நாளில் காய்ச்சல் இருந்தது, மாத்திரை சாப்பிட்டார், இப்படி ஏதாவது. படிவத்தை மறுபடி கேட்டுவரலாம் என்று காலையில் காசாம்பு அக்கா வீட்டுக்குப் போனேன்.

கொல்லையில் துவைகல்லில் துரைக்கண்ணு அண்ணனின் சட்டையை அடித்துக்கொண்டிருந்தாள். பக்கெட்டுத் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. காய்ச்சல், மாத்திரை எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை. சட்டையைப் பிழிந்துகொண்டே பேசினாள்.

"இது நேத்து அவரு அடிச்ச சட்ட. மொத அலசு இருக்குல்ல, அதுல கைய வச்சா நகக்கண்ணெல்லாம் எரியும். அப்புறம் ரெண்டு நாளைக்குப் புளி கரைக்க முடியாது."

எனக்குத் தெரியும்க்கா என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

படிவத்தைப் பார்த்தேன். கலப்பீர்களா, தெளிப்பீர்களா, வயலில் இறங்குவீர்களா. நாற்பத்திரண்டு கேள்வியையும் நான்தான் எழுதினேன். மேடம் திருத்தினார். ஆய்வுக்கு அனுமதி தரும் ஒழுக்கவியல் குழுவில் ஏழு பேர் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சட்டையை யார் துவைக்கிறார்கள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நவம்பர் 5, புதன்

இருபத்தெட்டு வீட்டுக்கும் நடந்தும் போன் போட்டும் ஒரே கேள்வி: மருந்தடித்த சட்டையை நீங்கள்தான் துவைக்கிறீர்களா? இருபத்தெட்டும் ஆமாம். பத்தொன்பது பேர் வெறுங்கையால் என்றார்கள். மற்றவர்கள், "வேற எப்படித் துவைக்கிறதாம்?" என்று என்னையே கேட்டார்கள், அவர்களுக்கும் வெறுங்கைதான்.

ஆனால் இது போதுமா? சோகையாக இருக்கலாம். சாப்பாடாக இருக்கலாம். விடுதிப் பெண்களுக்கு இருபது வயது, இவர்களுக்கு நாற்பது. நசீர் பாய்க்கு ஐம்பது, அவர் ஆண். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. துணி வழியாகத் தோலுக்கு எவ்வளவு போகும் என்று யாரும் அளக்கவில்லை. நானும் அளக்கவில்லை. ஒன்றும் விளங்கவில்லை.

நவம்பர் 8, சனி

இளவழகன் தெற்குக் காட்டுக்கு அடித்துவிட்டு வந்தார். வழக்கம்போல எல்லாவற்றையும் கழற்றிப் பக்கெட்டில் போட்டார். "முதல் அலசு நீங்களே வயல்ல அலசிட்டு வந்தா என்ன?" என்றேன்.

"கையுறை போடச் சொன்ன, போட்டேன். மூஞ்சிக்குக் கட்டச் சொன்ன, கட்டினேன். ஊர்ல என்னய டாக்டர்னு கேலி பண்றானுங்க. இப்ப சட்ட வேற அலசணுமா?" கோபம் இல்லை, அலுப்புதான். பத்து டேங்க் அடித்துவிட்டு வந்த மனிதர். "ஏன், ஒனக்கு முடியலியா?" என்று கேட்டார்.

முடிகிறது என்றேன். ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை. சொன்னால் ஒரு எண்ணைச் சொல்லவேண்டி வரும், அதனாலா? துவைத்தேன். இன்று அவருடைய கையுறையைப் போட்டுக்கொண்டு துவைத்தேன். அதன் உள்பக்கமும் ஈரமாகத்தான் இருந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். இருபத்தெட்டு பேரை நீக்க மாட்டேன். அடிப்பவர்கள், துவைப்பவர்கள், இரண்டும் இல்லாதவர்கள் என்று மூன்று குழு. துவைக்காத, அதே வயது, அதே ஊர்ப் பெண்களைத் தேடிப் பிடித்து மறுபடி அளக்க வேண்டும். சோகைக்கும் பார்க்க வேண்டும்.

"டிசம்பர் போயிரும்மா."

"தெரியும் மேடம்."

"பதிவு போயிரும். மறுபடி முதல்லேர்ந்து சேரணும். உனக்கு என்ன வயசு?"

"முப்பத்து நாலு."

"அதுக்கப்புறமும் இதுதான் காரணம்னு நிரூபிக்க முடியாமப் போகலாம்."

"அதுவும் தெரியும் மேடம்."

கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, ஒழுக்கவியல் குழுவுக்குப் புது விண்ணப்பம் எழுது, நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நான் செய்தது தைரியமா பைத்தியமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பஸ்ஸில் புது அட்டவணை போட்டேன். துவைப்பவர்கள் என்ற தலைப்புக்குக் கீழே இருபத்தெட்டு வரி. கடைசியில் ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

நவம்பர் 15, சனி

காசாம்பு அக்கா வயல் மோட்டார் கொட்டகைப் பக்கம் படிக்கல்லில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நேரே போய் நின்றேன். பஸ்ஸில் தயார்செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"அக்கா, உங்க ரத்தம் நல்ல ரத்தம்னு சொன்னேன்ல. அது தப்பு."

உரிப்பதை நிறுத்தினாள். "கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போகல. சோர்ந்திருக்கு. அண்ணனோடதும் உங்களோடதும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கு."

"நான் மருந்தே தொடலியே."

"சட்டை துவைக்கிறீங்கல்லக்கா. அதுவா இருக்கலாம். உறுதியாச் சொல்லத் தெரியல. ஆனா தெரியிற வரைக்கும் வெறுங்கையால வேண்டாம்."

கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "ஊருக்கே சொல்லி வச்சிருக்கேன், என் ரத்தம் நல்ல ரத்தம்னு" என்றாள். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. நான் வாயில் வந்ததைச் சொன்னதை அவள் இரண்டு மாதமாகத் தலையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள்.

"தனி பக்கெட் வச்சுக்குங்க. நான் கையுறை வாங்கித் தரேன், நீளமானது. மொத அலசு அண்ணனையே வயல்ல அலசிட்டு வரச் சொல்லுங்க."

"அவரா? அலசிட்டாலும்!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஒன் வீட்டுலயும் அடிக்கிறாருல்ல. அங்க யாரு துவைக்கிறா?"

"நான்தான்."

"ஒன் ரத்தத்தப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எவ்வளவு?"

செப்டம்பர் 18லிருந்து அந்த எண்ணை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. இயந்திரக் கோளாறு என்று ஆய்வகக் குறிப்பேட்டில் பச்சை மையில் அடித்து வைத்திருக்கிறேன். இயந்திரம் சரி என்று தெரிந்து ஐம்பது நாள் ஆகிறது. அந்தப் பக்கத்தை நான் திருப்பவே இல்லை.

"அம்பத்தெட்டு."

"என்னுது?"

சொல்லக்கூடாது, விதி இருக்கிறது. "அறுவத்தொண்ணு" என்றேன்.

அவள் மனதுக்குள் கூட்டிக் கழித்தாள். "என்னய விடக் கொறச்சலா? எத்தன வருசமாத் துவைக்கிற?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து. ஒம்போது வருசம்."

"இதத்தான நீ ஆறு வருசமாப் படிக்கிற?"

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கடலைத் தோலைக் கையால் ஒதுக்கிவிட்டு, காசாம்பு அக்கா கல்லில் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள்.